அம்மனோடு சண்டை போட்டேன், என் நெஞ்சைக் காட்டிக் கொடுத்தாள்

நம் எட்டுக்கை அம்மனை நம்புகிற எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும். கோபம் இன்னும் ஆறவில்லை. கோபத்தோடேதான் சொல்கிறேன்.

நான் செல்லம்மாள், மலைமேல் திண்ணனூர் நாட்டுக்காரி; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. மிளகும் மரவள்ளியும்தான் பிழைப்பு. முந்தின வருடம் மாசியில், மிளகு பறிக்க ஏணியில் நின்றவள் மயங்கி விழுந்தேன். கை முறிந்தது. பிறகு களை வெட்டும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, சோறு வடிக்கும்போது என்று அடிக்கடி விழுந்தேன். சில நொடிகளில் எழுந்துவிடுவேன்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் மூன்று தடவை இசிஜி எடுத்தார்கள். மூன்றிலும் கோளாறு இல்லை. விழும் நேரத்தில் எடுத்தால்தானே தெரியும்? வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று டாக்டர் என் கணவர் ராசுவிடம் சொன்னார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ராசு அதை நம்பவில்லை. ஆனால் பேய் என்று சொன்ன நாத்தனாரை நம்பினார். பேயோட்டுகிறவன் அம்மன் பெயரைச் சொல்லிப் புளியம் விளாறால் அடித்தான். அடி தாங்காமல் சுருண்டேன். பேய் இறங்கிவிட்டது என்றார்கள்.

மறுநாள் தனியாகக் கோவிலுக்குப் போனேன். கும்பிடவில்லை.

"எட்டுக் கை வெச்சிருக்கியே, ஒரு கையால என் நோவைக் காட்டக் கூடாதா? காட்டற வரைக்கும் உனக்கு வெளக்குப் போட மாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

ஒன்பதாம் நாள் எங்கள் ஊர் நர்சு ஆள் அனுப்பினார். நெஞ்சில் ஒட்டிக்கொண்டால் இரவும் பகலும் துடிப்பைப் பதிவு செய்கிற ஒரு வில்லையை உருவாக்குகிறவர்கள் வந்திருந்தார்கள். அடிக்கடி மயங்குகிறவர்களுக்கு ஒட்டிச் சோதிக்கிறார்களாம். தேன்மொழி என்ற இன்ஜினியர் எனக்கு ஒட்டிவிட்டார். மண்வெட்டி பிடித்த இரண்டாம் நாளே வியர்வையில் கழன்று விழுந்தது. இன்னொன்று ஒட்டினார். அதுவும் விழுந்தது. கொண்டுபோய் மேசையில் எறிந்தேன்.

"ஃபேனுக்கடில உக்காந்திருக்கறவங்களுக்குச் செஞ்சீங்களா கண்ணு? காட்டுல வேலை செய்யற உடம்புக்கு ஒன்னு செய்யுங்க."

அவர் வாதாடவில்லை. ஒரு நாள் முழுக்க என்னோடு கிழங்கு தோண்டி, தானும் நனைய வியர்த்தார். ஒரு மாதம் கழித்து வேறு பசையும், விலாவைச் சுற்றிக் கட்டும் பட்டையுமாக வந்தார். அது கழலாமல் நின்றது. பதினோராம் நாள் ஊற்றுக்குப் போகும் வழியில் விழுந்தேன். வில்லை விழவில்லை.

தேன்மொழி பதிவைக் காகிதத்தில் எடுத்து, கோடு நேராகப் போன இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அக்கா, உங்க இதயம் ஆறு விநாடி நின்னிருக்குங்க. இது பேயும் இல்லீங்க, நடிப்பும் இல்லீங்க."

அழுதேன். அது சந்தோஷ அழுகை இல்லை.

அந்தக் காகிதத்தை ராசு வெகுநேரம் பார்த்தார். "உன்னைய அடிக்க உட்டுட்டனே" என்றார். நான் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டேன். டாக்டரிடமும் காட்டினேன். "ம்" என்றார், சேலத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். சேலத்தில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். தையல் பிரித்த வாரமே அம்மனுக்கு விளக்குப் போட்டேன். கேட்டதைக் காட்டியவளுக்கு என் உயிரே கடன். அன்றிலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை.

இப்போது மலையில் யாராவது மயங்கி விழுந்து, பேயோட்ட ஆள் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால், அவனுக்கு முன்னால் நான் போய் வாசலில் நிற்கிறேன். போன மாதம் பெரக்கரை நாட்டில் ஒரு பெண்ணை அப்படித்தான் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அம்மனிடம் பயந்து பயந்து கேட்காதீர்கள். சண்டை போட்டே கேளுங்கள். தாய்தானே, தாங்குவாள். ஆனால் அவள் பெயரைச் சொல்லி விளாறு தூக்குகிறவனுக்கு உங்கள் உடம்பைக் கொடுக்காதீர்கள். அவள் அதைக் கேட்கவே இல்லை.