தண்ணீர் கடக்காத குழாய்கள்

புஷ்பா ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்தது 1986இல். அவளுக்கு வேண்டிய கருவி கல்லூரியில் இல்லை. அதைச் செய்து கொடுத்தவன் அவள் கணவன் சம்பத். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாடகை ஷெட் ஒன்றில் லேத் போட்டிருந்தான்.

இரண்டு டிரம், ஒன்றில் சுடுதண்ணீர், மற்றதில் பச்சைத் தண்ணீர். நடுவே ஒரு கட்டு மெல்லிய செம்புக் குழாய்கள். மோட்டார் ஓடினால் குழாய்களுக்குள் தண்ணீர் கொஞ்ச தூரம் முன்னே போய்ப் பின்னே வரும். இந்த டிரம் தண்ணீர் அந்த டிரம்முக்குப் போய்ச் சேராது. ஆனால் சூடு போய்ச் சேர்ந்தது. வேகத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் அதிகமாகப் போனது.

"தண்ணி அங்க போவவே இல்ல, சூடு மட்டும் எப்டி போவுது?" என்றான் சம்பத்.

"நடுவுல இருக்கிற தண்ணி வேகமா ஓடும். சுவரை ஒட்டினது மெதுவா நகரும். முன்னே போறப்ப நடுத்தண்ணி சுவர்ப் பக்கம் சூட்டைக் குடுத்துட்டு வருது. திரும்பறப்போ ஆறின தண்ணி வந்து அதை வாங்கிக்குது."

"சித்தாளுங்க நின்ன எடத்துலயே நின்னுகினு செங்கல்ல கைமாத்தி உடற மாதிரின்னு சொல்லு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க இருவரும் ஷெட்டிலேயே சாப்பிட்டார்கள். மோட்டாரை அதிவேகத்தில் ஓட்டி எடுக்கவேண்டிய அளவுகள்தான் பாக்கி. ஆய்வுக்கு உயிரே அவைதான்.

மறு வாரம் பூந்தமல்லியில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய சம்பத்தின் ஸ்கூட்டரைக் குமணன்சாவடியில் ஒரு லாரி அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே போய்விட்டான்.

காரியம் முடியும்வரை அவளை வெளியே விடவில்லை. முடிந்த பிறகு ஷெட்டுக்குப் போனாள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே தரை மட்டும் இருந்தது. சம்பத்தின் தம்பி தசரதன் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"ஷெட்டுக்காரரு காலி பண்ணச் சொல்லிட்டாரு அண்ணி. லேத்த ஒருத்தர் எடுத்துகினாரு. அந்த டிரம்மு, கொழாயெல்லாம் காயலான் கடையில போட்டேன். காப்பரு நல்லா போச்சு. அதுலதான் காரியச் சாப்பாட்டச் சமாளிச்சேன்."

இரவெல்லாம் கண் விழித்திருந்ததில் அவன் கண்கள் செருகின. அண்ணனுக்குக் கொள்ளி வைத்தவன் அவன்தான். அந்தச் சாப்பாட்டில் அவளும் இரண்டு வாய் சாப்பிட்டிருந்தாள்.

"குறையில்லாம பண்ணீங்க தம்பி" என்றாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதாள்.

வழிகாட்டிப் பேராசிரியர் வேறு கருவி செய்துகொள்ளச் சொன்னார். திருமுல்லைவாயலில் ஒரு பட்டறையில் செய்தும் பார்த்தாள். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் சம்பத் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்ததில் வெப்பமானியைப் படிக்க முடியவில்லை. இரண்டு முறை முயன்றாள். மூன்றாவது முறை வாசலோடு திரும்பிவிட்டாள். பதிவு காலாவதியானது. ஆவடிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள்.

1994இல் தசரதன் கிரகப்பிரவேசப் பத்திரிகை கொண்டுவந்தான். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "அண்ணன் உங்கள டாக்டரம்மான்னுதான் சொல்லிகினு இருக்கும். ஏன் அண்ணி படிப்ப உட்டுட்டீங்க?"

புஷ்பா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் மனசு ஓடல தம்பி."

அவன் தலையசைத்தான். அவளும் கூடவே தெருமுனை வரை போய், பஸ் வரும்வரை நின்று வழியனுப்பினாள்.