க, ப இல்லாத படப் புத்தகங்கள்

போன வருடம் பள்ளிக்கூடம் திறந்த சமயம். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நர்சரிப் பள்ளியில் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தோம். எனக்குச் சிதம்பரத்தில் வேலை. டூவீலர் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் ஸ்டாக் பார்க்கிறேன். கவுண்டர் பக்கம் போவதில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கும் வாய் இருக்கிறது, வேண்டிய நேரத்தில் திறக்காது, அவ்வளவுதான். எல்லா எழுத்திலும் திக்காது. க, ப இரண்டும்தான் பரம எதிரிகள். காலையில் பஸ்ஸில் சிதம்பரத்துக்கு டிக்கெட் கேட்பது சுலபம். திரும்பும்போது 'கடலூர்' வராது. நல்லவேளையாக எங்கள் ஊர்க்காரர்கள் கடலூர் புதுநகரை என்.டி. என்றுதான் சொல்வார்கள். "என்.டி. ஒண்ணு" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். ஒரு சொல் மாட்டினால் அதை விட்டுவிட்டு வேறு சொல்லைப் போட்டுச் சமாளிப்பதில் நான் கில்லாடி. கூட வேலை பார்க்கிறவர்கள்கூட என்னை ஏதோ அமைதியான ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மகளுக்குக் கதை படித்துக் காட்டுவது அதுவரை மனைவியின் வேலை. அந்த மாதம் அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் ஒன்றில் மாலை ஷிப்ட் வேலை கிடைத்தது. "இனிமே சாயங்காலத்துல பாப்பாவுக்கு நீங்கதான் மாமா படிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

முதலில் குறுக்கு வழியைத்தான் தேடினேன். புள்ளிகளைச் சேர்ப்பது, ஸ்டிக்கர் ஒட்டுவது, வண்ணம் தீட்டுவது என்று செயல்பாட்டுப் புத்தகங்களாக வாங்கி வந்தேன். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லையே! நான்கு நாள் ஓடியது. ஸ்டிக்கர்களில் பாதி பீரோக் கதவுக்கும் மீதி என் ஹெல்மெட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. ஐந்தாம் நாள் மகள் என் மடியில் வந்து உட்கார்ந்து, "இதுல கதையே இல்லப்பா" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான்.

சரி, படித்தே தீருவது என்று முடிவு செய்தேன். ஆனால் என் எதிரிகளை உள்ளே விடக் கூடாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழ வீதிப் பக்கம் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். பக்கத்துக்கு ஒரு வரி உள்ள படப் புத்தகங்களாக எடுத்து, ஒவ்வொரு வரியையும் உதட்டுக்குள் படித்துப் பார்த்தேன். பூனையா, வேண்டாம். கரடியா, வேண்டாம். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் காக்கா இருந்தால் திரும்ப ரேக்கில் வைத்துவிடுவேன். மூன்று நாள் பொறுத்துப் பார்த்த விற்பனைப் பெண், "சார், எல்லாத்தையும் இங்கயே படிச்சு முடிச்சுட்டீங்கன்னா வீட்டுக்கு எதை எடுத்துட்டுப் போவீங்க?" என்று கேட்டுவிட்டார். அசடு வழிந்தபடி ஐந்து புத்தகங்களை வாங்கினேன். அணில், ஆமை, யானை, எலி, ஆடு. எங்கள் வீட்டுக் காட்டில் அதற்கு மேல் விலங்குகள் கிடையாது.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து முணுமுணுத்துப் பழகினேன். வீட்டில் ஓரளவு நன்றாகவே போனது. இடையில் 'பெரிய' என்று வந்தால் 'ரொம்ப உயரமான' என்று மாற்றிப் படித்துவிடுவேன். ஆனால் அணில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நான் கடையில் சரியாகப் பார்க்கவில்லை. அங்கே ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. "கி... கி... கி..." என்று நான் மூச்சு முட்டி நிற்க, மகள் படத்தைப் பார்த்து "கிளி!" என்று கத்திக் கைதட்டினாள். நாலு வயதுக் குழந்தை எனக்குக் கை கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று கூசிப்போனேன். அந்தப் புத்தகத்தைத்தான் அவள் தினமும் கேட்டாள். தினமும் அந்தக் கிளியிடம் மாட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் பள்ளி டைரியில் ஒரு குறிப்பு வந்தது. சனிக்கிழமைதோறும் ஒரு பெற்றோர் வகுப்புக்கு வந்து ஒரு கதை படிக்க வேண்டுமாம். மனைவி போவாள் என்று நிம்மதியாக இருந்தேன். மகள் அதற்கு முன்பே மிஸ்ஸிடம், அடுத்த சனிக்கிழமை எங்கள் அப்பாதான் வருவார் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அதற்கு அடுத்த நாள்தான் அது நடந்தது. வேலை முடிந்து படியேறி வருகிறேன். உள்ளே மகள், நான் வரும்வரை அவளைப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டு அக்காவின் இரண்டு வயதுக் குழந்தையை எதிரில் உட்கார வைத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். "கி... கி... கி..."

என் குரல்தான். அதே இழுப்பு, அதே நிறுத்தம். செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுவிட்டேன். என் பள்ளி நாட்கள் எல்லாம் கண் முன்னால் வந்தன. வருகைப் பதிவின்போது 'பிரசன்ட் சார்' என்று சொல்ல முடியாமல் நான் எழுந்து நிற்பது, வகுப்பே சிரிப்பது. ஐயோ, இதை இவளுக்கும் கொடுத்துவிட்டேனே என்று கண்ணீரே வந்துவிட்டது. நேராக உள்ளே போய் அந்தப் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கினேன். ஐந்தையும் எடுத்துப் பீரோ மேல் வைத்தேன். குழந்தைகள் இரண்டும் திருதிருவென்று விழித்தன.

அந்த வாரம் முழுக்க நான் படிக்கவில்லை. கண் வலி என்றேன். வேலை என்றேன். மகள் கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். அவளோடு பேசுவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்துத்தானே பழகுகிறாள்? சனிக்கிழமையும் மனைவியையே அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை மனைவிக்கு வார விடுமுறை. பீரோ மேல் புத்தகங்களைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று குடைந்தாள். சொன்னேன். "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்களா ஒண்ணு நெனைச்சுக்கிட்டு நீங்களா தண்டனை குடுப்பீங்களா?" என்று கோபத்தோடு கேட்டவள், மகளைக் கூப்பிட்டாள். கீழ்வீட்டுப் பாப்பாவுக்கு எதற்காக அப்படி நிறுத்தி நிறுத்திப் படித்தாய் என்று கேட்டாள்.

மகளுக்கு இது ஒரு கேள்வியா என்று இருந்திருக்க வேண்டும். "அவ சொல்லட்டும்னுதாம்மா. நீ வேகவேகமா படிச்சிடுவ. அப்பாதான் நிறுத்துவாங்க. நான் படத்தைப் பாத்துச் சொல்றவரைக்கும் அப்பா சொல்லவே மாட்டாங்க" என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவமானத்தில் நின்ற இடமெல்லாம் அவள் ஆட்டம் ஆடிய இடமாக இருந்திருக்கிறது. வாசலிலிருந்து நான் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் பாய்ந்திருக்கிறேன். இன்னும் ஒரு நொடி பொறுத்திருந்தால் கீழ்வீட்டுக் குட்டிப் பெண் 'கிளி' என்று சொல்வதையும் கேட்டிருப்பேன். காரணமே தெரியாமல் ஒரு வாரம் குழந்தையைத் தவிக்க விட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம் வரும்.

அன்று சாயங்காலமே ஊருக்குள் ஒரு கடைக்குப் போய்ப் படப் புத்தகம் ஒன்று வாங்கினேன். இந்தத் தடவை படங்களை மட்டும் பார்த்தேன். காக்கா, பூனை, கரடி, பாம்பு என்று என் எதிரிகள் எல்லாரும் குடும்பத்தோடு அதில் இருந்தார்கள். ஆனது ஆகட்டும், நாளை நான்தான் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

சனிக்கிழமை வகுப்பில் இருபது குழந்தைகள், ஒரு மிஸ். "கா... கா..." என்று தொடங்கியதும் முன்வரிசைப் பையன் ஒருவன் சிரித்தான். மகள் திரும்பி, "சிரிக்காதடா, நாமதான் சொல்லணும்" என்றாள். அவ்வளவுதான். காக்கா, பூனை, கரடி என்று கூரை அதிரக் கத்தினார்கள். மிஸ்ஸும் சேர்ந்து கத்தினார்.

ஆனால் ஒரு பக்கத்தில் வரி 'பிறகு' என்று தொடங்கியது. 'பிறகு'க்கு ஏது படம்? குழந்தைகள் படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். யாராலும் உதவ முடியவில்லை. 'அப்புறம்' என்று மாற்றிச் சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். முப்பது வருடமாக அப்படித்தானே ஓடிக்கொண்டிருக்கிறேன்! அன்று ஓடவில்லை. புத்தகத்தில் இருப்பதைத்தான் படிப்பது என்று நின்றேன். உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ப்... பி... பிறகு" என்று வந்தது. யாரும் கைதட்டவில்லை. அடுத்து என்ன என்பதைப் போல எல்லாரும் புத்தகத்தைப் பார்த்தார்கள், நான் பக்கத்தைத் திருப்பினேன்.

இப்போதும் எனக்குத் திக்குகிறது, இனியும் திக்கும். ஆனால் சொல் வராமல் நிற்கும்போது முன்புபோலத் தரையைப் பார்ப்பதில்லை, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கிறேன், அவர்களில் பலர் எனக்காகக் காத்திருக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள் என்பது இவ்வளவு வருடம் கழித்து எனக்குத் தெரிகிறது.