அண்ணனின் மார்பு

எங்கள் குப்பத்தில் பெரிய வலை இழுக்கும்போது ஆண்கள் யாரும் சட்டை போடமாட்டார்கள். என் அண்ணன் மட்டும் போடுவான். வயதுக்கு வரும் பருவத்தில் அவன் மார்பு பெண்பிள்ளைக்குத் திரள்வதுபோல் திரண்டது; பிறகு வற்றவேயில்லை. சட்டை நனைந்து ஒட்டினால் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சுண்ணாம்புக்குளத்தில் அவனுக்குப் பெண் நிச்சயமானது. எங்களிடம் கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையை வெற்றுடம்பாக மனையில் உட்காரவைத்து, இரண்டு ஊர்ப் பெண்களும் மஞ்சள் பூசி நலங்கு வைப்பார்கள்.

"அன்னிக்கு எங்கடா போய் ஒளியறது?" என்று என்னிடம் கேட்டான்.

பழவேற்காட்டுக் கம்பவுண்டர் ஒருவர், இதை அறுத்து எடுக்கலாம் என்றார். வீட்டில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். "இது வியாதி இல்லப்பா. அப்படியே விட்டாலும் உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

"உயிருக்கு ஆவாது சார். கல்யாணத்துக்கு ஆவும்."

டாக்டர் சிரித்துவிட்டார். மார்புக்கு அடியில் நீளமாகக் கீறினால் வேலை சுலபம், ஆனால் தழும்பு தெரியும். காம்பின் ஓரத்தில் அரைவட்டமாகக் கீறினால் தழும்பு அந்தக் கறுப்பிலேயே மறைந்துவிடும் என்று தாளில் வரைந்து காட்டினார். அண்ணன் அரைவட்டத்தைத் தொட்டான். ஆபரேஷன் முடிந்ததும், எடுத்ததைப் பார்க்கவேண்டும் என்று நான் கேட்டேன். நர்ஸ் முகம் சுளித்தபடி தட்டை நீட்டினாள். அவித்த கணவாய்த் துண்டுகள்போல வெளுத்து, கெட்டியாக இருந்தன. ஒரு மனிதனை இத்தனை வருஷம் முதுகைத் திருப்ப வைத்தது இவ்வளவுதானா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புண் நன்றாக ஆறியது. நலங்கன்று அண்ணன் தானே சட்டையைக் கழற்றினான். மார்பு மற்ற ஆண்களுடையதைப் போலத் தட்டையாக இருந்தது. ஆனால் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அவன் முகமும் கையும் வெயிலில் கறுத்திருந்தன. சட்டை மூடியிருந்த இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. தழும்பைப் பற்றி அவ்வளவு யோசித்த நாங்கள் இதை யோசிக்கவேயில்லை.

"இன்னாடா மாப்ள, பனியனைக் கழட்ட மறந்துட்டியா?" என்றாள் எங்கள் அத்தை.

"மூஞ்சி ஒருத்தன்து, உடம்பு ஒருத்தன்து. எங்க பொண்ணுக்கு எவனைக் கட்டறீங்க?" என்றாள் பெண்வீட்டுக்காரி ஒருத்தி.

அண்ணன் தலைகுனிந்தான். பிறகு அவன் தோள்கள் குலுங்குவதைக் கண்டேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளையா இருக்கறவனையே கட்டுங்க," என்று மார்பை நிமிர்த்திக் காட்டினான். "மஞ்சள் நல்லாப் புடிக்கும்."

எங்கள் அத்தை இரண்டு கையாலும் மஞ்சளை அள்ளி அங்கேயே அப்பினாள்.