நாலு வரி பேட்ச்சும் என் ஒப்புதலும்

மாம்பழம் தின்ற கையோடு ஒரு பேட்ச்சுக்கு, அதாவது நிரலில் செய்த சின்னத் திருத்தத்துக்கு, ஒப்புதல் கொடுத்தவன் நான். பெரியகுளத்தில் சீசன், வேலையும் வீட்டிலிருந்தே. போன் திரையில் விளக்கக் குறிப்பு மட்டும் தெரிந்தது. கீழே தள்ளி நிரலைப் படிக்கக் கை பிசுபிசுத்தது. சுண்டுவிரலால் ‘ரிவியூ செய்தேன்’ என்று தட்டிவிட்டேன். எங்கள் தொழிலில் அது கையெழுத்து. நிரல் ஓடும்வரை பெயரும் கூடவே இருக்கும்.

அனுப்பியவள் ராயப்பன்பட்டி மேரி. எங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மெமரி பகுதியில் அவள் புதியவள், நான் சீனியர். அது ஓடுவது ஐ.சி.யூ. மானிட்டர்களில். பேட்ச் வெறும் துப்புரவு வேலை: நிரலின் ஒரு ஃபங்ஷனில் எரர் வந்தால் வெளியேற இரண்டு வழிகள் இருந்தன, ஒன்றாக்கியிருந்தாள். நாலு வரி மிச்சம்.

மறுநாள் காலையில் அழைத்தாள்.

“அண்ணே, முதல் எரர் வழியில மெமரி பேஜைப் பிடிக்கிறதுக்கு முன்னாலயே வெளிய வந்துருதோ?”

“சந்தேகம் இருந்தா நேத்தே கேக்க வேண்டியதுதானே தாயி?”

“நீங்க பாத்துட்டீகன்னு விட்டுட்டேன்.”

அவள் பார்த்திருப்பாள் என்று நான் விட்டிருந்தேன்.

கை கழுவி உட்கார்ந்து, முதன்முறையாகப் படித்தேன். மெமரியின் ஒவ்வொரு பேஜுக்கும், அதாவது துண்டுக்கும், அதை எத்தனை ப்ரோகிராம்கள் பிடித்திருக்கின்றன என்று ஓர் எண்ணிக்கை உண்டு. அது பூஜ்யமானால் பேஜ் வேறொன்றுக்குப் போய்விடும். ஒன்றாக்கிய புதிய வழியில், நாம் பிடிக்காத பேஜையும் விடுவித்து எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டிருந்தோம். இதயத் துடிப்பை வரையும் ப்ரோகிராமின் பேஜ் மேலேயே வேறு ஏதாவது வந்து எழுதலாம். மெமரி குறையும்போது, எப்போதாவது. டெஸ்டில் அகப்படாது.

முன்பு அம்மாவின் ஐ.சி.யூ. கட்டிலருகே அப்படியொரு மானிட்டர் முன் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பச்சைக் கோட்டைத் தவிர வேறெதையும் நான் நம்பவில்லை.

அன்று மாலையே புதிய பதிப்பு ரிலீஸ். பொறுப்பாளர் முருகேசன், கோம்பைக்காரர். பேட்ச்சை நிறுத்தச் சொன்னேன்.

“என்ன சார், நேத்து நல்லாருக்குன்னீக, இன்னைக்கு வேணாங்கிறீக?”

“நேத்து நான் படிக்கல.”

பேட்ச்சை ரிலீஸ் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

“அதையும் எழுதிருங்க. எல்லாருக்கும் போற மெயில்லயே.”

எழுதினேன். நான் எழுதியவற்றில் மிகச் சிறிய மெயில். எழுத அதிக நேரம் பிடித்ததும் அதுதான். மேரி இரண்டு வழிகளையும் மறுபடி பிரித்து, ஏன் பிரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரிக் குறிப்புடன் அனுப்பினாள். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்த பிறகே பெயரைப் போட்டேன்.

பெரிய பேட்ச் என்றால் பயந்தாவது படிக்கிறோம். சின்னதைத்தான் ஆளுக்கு ஆள் அடுத்தவர் தலையில் விட்டுவிடுகிறோம். இதை மேரியிடம் சற்றுக் கனத்த குரலிலேயே சொன்னேன்.

“சரிண்ணே,” என்றாள். “இனி நீங்க ஓகே சொன்னா, நான் இன்னொருக்கா பாத்துக்கிறேன்.”