சனிக்கிழமை நோயாளிகள்

போன சனிக்கிழமை பிற்பகல் ஒன்று பத்துக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. அப்போதுதான் என் மகன் கதிரின் செல்போன் அணைந்துபோனது. காலை எட்டரைக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டை வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பியவன். கடலூரிலிருந்து வரும் என் சின்ன மாமாவை ஏற்றிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. எவ்வளவு நெரிசல் இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பத்து மணிக்கு நான் கூப்பிட்டபோது “கொஞ்சம் லேட்டாகும்பா” என்றான், அதோடு சரி.

முந்தின நாள் மாமா போனில் சொன்னார்: “மருமவனே, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றேன். பேரப்பையன வண்டியோட அனுப்பு.” போனை வைத்ததும் நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்பதற்கு நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும். அதற்கு முன்னால் புதினா வாசனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கதிருக்கு இருபத்தொரு வயது, கல்லூரியில் கடைசி வருடம். ஒரு மாதமாக அவன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் புதினா மிட்டாய் மணக்கிறது. “என்னடா இது?” என்றால் “பல்லுக்கு நல்லதுப்பா” என்கிறான். புதினாச் சட்னி வைத்தால் தட்டையே தள்ளி வைக்கிறவன். வாசனை விஷயத்தில் என்னை ஏமாற்றுவது கஷ்டம். நான் மூன்று மாமாக்களுக்கு மருமகனாகப் புதுச்சேரியில் வளர்ந்தவன்.

அந்தக் காலத்தில் மிட்டாய் கிடையாது, கொய்யா இலை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யா மரம் நின்றது. கை எட்டும் உயரம் வரை அதில் ஒரு இலை இருக்காது. புதிதாக வருகிறவர்கள் ஆடு மேய்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். மேய்ந்தது மாமாக்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடலூர் பஸ்ஸைப் பிடிக்கும் முன்னால் பெரிய மாமா, நடு மாமா, சின்ன மாமா மூவரும் மரத்தடியில் வரிசையாக நின்று, யாரோடும் பேசாமல், மிகுந்த பொறுப்போடு மெல்லுவார்கள். முள்ளோடை செக்போஸ்ட்டில் பஸ்ஸில் ஏறும் போலீஸ்காரருக்குச் சந்தேகம் வந்தால் ஊதச் சொல்வார். வீட்டில் அத்தைகளுக்கு ஊதிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. தெருமுனையில் நடை வரும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடலூரில் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. ஆனால் என் மாமாக்களுக்கு வந்த நோய் சனிக்கிழமை மட்டும் வரும், புதுச்சேரியில் மட்டும் தீரும். எல்லையைத் தாண்டினால் பிராந்தி மலிவு, ரகமும் அதிகம். வெறுமனே கூடப் பிறந்தவள் வீட்டுக்குப் போகிறேன் என்றால் அத்தைகள் விடமாட்டார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு என்றால் துண்டும் சொம்பும் எடுத்துக் கொடுத்து அனுப்புவார்கள். அப்பா ஒரு சொட்டுக்கூடத் தொடாதவர். அம்மாவிடம் சொல்வார்: “உன் கூடப் பொறந்தவனுங்களுக்கு நோவும் நம்ம ஊர்லதான், மருந்தும் நம்ம ஊர்லதான்.”

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பொய் சொல்லவில்லை. வந்த அன்று காலையில் உண்மையாகவே ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று, நாக்கை நீட்டி, பிரஷர் பார்த்துக்கொண்டு வருவார்கள். “நார்மல்” என்று எழுதிய அந்தச் சீட்டை மொட்டைமாடியில் பாய் விரித்து நடுவில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேலேயே பாட்டிலை வைப்பார்கள். “கவருமெண்டு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு, அப்புறம் என்னா?” என்பார் பெரிய மாமா. எங்கள் குடும்பத்திலேயே அடிக்கடி உடம்பைச் சோதித்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். தாங்கள்தான் ஆரோக்கியமானவர்கள் என்று அவர்கள் நம்பியதில் ஆச்சரியமில்லை.

ஒரு சனிக்கிழமை பெரிய மாமாவுக்கு பிரஷர் அதிகம் என்று வந்துவிட்டது. குடிக்கக் கூடாது, சிகரெட்டை விட வேண்டும் என்று டாக்டர் கண்டித்திருக்கிறார். வெளியே வந்த மூவரும் வேப்பமரத்தடியில் ஆலோசித்தார்கள். மெஷினுக்குத்தான் கோளாறு என்று முடிவாகியது. நடு மாமா பெரிய மாமாவின் பெயரில் இன்னொரு சீட்டுப் போட்டு, வேறொரு டாக்டரிடம் போய்க் கையை நீட்டினார். நார்மல். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பெரிய மாமா குணமானதை எப்படிக் கொண்டாடினார்கள் என்கிறீர்கள்! அம்மா வஞ்சிரம் வறுத்தாள். அரைக்கால் சட்டை போட்டிருந்த நான், வைத்தியம் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் என்று பள்ளிக்கூடத்தில் போய்ப் பெருமையடித்தேன்.

அவர்களிடம் சட்டதிட்டங்கள் உண்டு. பெரிய மாமா குடிக்கும்போது மட்டும்தான் புகைப்பார், அது அவருடைய கட்டுப்பாடு. ஆனால் புகைக்க ஆசை வந்தால் கட்டுப்பாட்டை மீறக் கூடாது என்பதற்காகக் குடிக்கத் தொடங்குவார். நடு மாமா பில்டர் வைத்த சிகரெட்டையே தொடுவார், பஞ்சு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளுமாம். சின்ன மாமா, கபத்தைக் கரைக்கப் பிராந்தி, அந்தச் சூடு தணிய பீர் என்று சித்த வைத்தியர் மாதிரி அனுபானம் சொல்வார். ஒன்றையும் தொடாத எனக்கு முப்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தபோது, மூவரும் துக்கம் விசாரிக்க வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். “பாத்தியா, சுத்தமா இருந்து என்னத்தக் கண்ட?”

அந்தக் கேள்விக்குப் பதில் தானாக வந்து சேர்ந்தது, ஆனால் அது யாரும் கேட்க விரும்புகிற பதில் இல்லை. பெரிய மாமாவுக்கு அறுபத்தொரு வயதில் ஒரு பக்கம் விழுந்தது. பல வருடங்கள் படுக்கையில் கிடந்தார், தலைமுடி மட்டும் கடைசி வரை கறுப்பு. வருகிறவர்களிடம் அதைத் தடவிக் காட்டுவார், ஆரோக்கியத்துக்குச் சாட்சியாக. நடு மாமாவுக்குத் தொண்டையில் வந்தது. எதிர்வீட்டு அரிசி மில் தூசிதான் காரணம் என்று டாக்டரிடம் வாதாடினார். குரல் போன பிறகும் ஜன்னலைத் திறந்து மில்லைக் காட்டி வாதாடினார். மில் மூடிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

மிஞ்சியவர் சின்ன மாமா, அறுபத்தெட்டு வயது. அவரோடுதான் என் மகன் இருந்தான், செல்போனை அணைத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம்.

மூன்று மணிக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய், ஐம்பத்திரண்டு வயதில், வாழ்க்கையில் முதன்முறையாக பாருக்குள் நுழைந்தேன். உள்ளே ஏ.சி., இருட்டு, கிரிக்கெட். “எத்தன பேரு சார்?” என்றார் பணியாளர்.

“நான் குடிக்க வரல. என் பையனத் தேடி வந்தேன்.”

“உக்காந்து தேடுங்க சார். எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க.”

இரண்டாவது பாரில் என் கைக்கடிகாரம் அதிர்ந்தது. மகனே பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. இதயத் துடிப்பு அதிகமாக இருக்கிறது, அமர்ந்து மூச்சை இழுத்து விடவும் என்றது. இழுத்தால் பிராந்தி வாசனைதான் வந்தது. மூன்றாவது பாரில் ஒரு குரல்: “அட, நீங்களா!”

தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் எங்களுக்குச் சிரிப்புப் பயிற்சி கொடுக்கும் பெரியவர். எழுபது வயது. முதுமையை வெல்வது எப்படி என்று விடிவதற்குள் வாட்ஸப்பில் வெந்தயத் தண்ணீர், எள்ளுருண்டை என்று அனுப்பிக்கொண்டே இருப்பார். எதிரில் கண்ணாடி டம்ளர், அவித்த கடலை.

“பீர் சுகருக்கு ஆகாது பாருங்க. அதான் விஸ்கி” என்றார். “வெள்ளிக்கிழம தொடமாட்டேன், லிவருக்கு லீவு. காலையில நடந்தா ஏறுனதெல்லாம் எறங்கிடும்.”

நான் மகனைத் தேடுவதாகச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, குரலைத் தாழ்த்தினார்: “பயப்படாதீங்க. உங்கள இங்க பாத்தத யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

வெளியே வந்தேன். வரிசையாகப் பலகைகள், கதவுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் கதிர் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது. மொட்டைமாடியில் மூன்று பேர் இருமிக்கொண்டே சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. சின்ன வயதில் அந்தச் சிரிப்பின் பக்கத்தில் படுத்துத் தூங்க எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதும் நினைவுக்கு வந்து தொலைத்தது. இவனுக்கும் பிடித்துவிட்டால்?

வீட்டுக்குத் திரும்பினேன். மனைவி, எங்கே போனாலும் கடைசியில் இங்கேதானே வருவார்கள் என்று, அம்மா செய்தது போலவே, சின்ன மேசையைத் துடைத்து, வறுத்த நெத்திலி, அரிந்த வெங்காயம், சோடா, டம்ளர் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்கூட்டர் சத்தம். ஓடினேன். கதிர் மாமாவின் முழங்கையைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தான். இருவருக்கும் நடுவில் ஒரு பெரிய எக்ஸ்ரே கவர். எங்கள் வாசலில் மூன்றே படிகள். இரண்டாவது படியில் மாமா நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வரட்டும் என்று காத்திருந்தார். நான் வெட்கமில்லாமல் மகனை முகர்ந்தேன். பினாயில், வியர்வை, அடியில் மெலிதாகப் புதினா.

“ஏண்டா போனை அணைச்ச?”

“சார்ஜ் போயிடுச்சுப்பா. தாத்தா வரிசையில நிக்கும்போதே மூச்சு முட்டி உக்காந்துட்டாரு. எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. வேற யார் போன்லயாச்சும் பேசலாம்னா தாத்தா விடல.”

“உன்கிட்ட சொன்னா... நீ ஓடியாந்து... பக்கத்து பெட்ல படுத்துக்குவ” என்றார் மாமா. சிரிக்கப் பார்த்தார். பாதியில் காற்று தீர்ந்துவிட்டது.

“ஒரு குழாயக் குடுத்து ஊதச் சொன்னாங்கப்பா” என்றான் கதிர். “தாத்தாவால முடியல. மறுபடி மறுபடி ஊதச் சொன்னாங்க. உள்ள காத்தே போகல.” சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் முகம் கழுவப் போனான். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மாமாவைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். முகமூடி மாட்டி அதில் மருந்தைப் புகையாக விட்டார்களாம், “டாக்டர் கையால பொக வாங்கினவன் நம்ம குடும்பத்துல நான் ஒருத்தன்தான்” என்றார் மாமா, இரண்டு மூச்சுகளில். திங்கட்கிழமை ஸ்கேன் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாடியில் பாய் விரித்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

மாமா மெல்லத் தலையைத் திருப்பி மேசையைப் பார்த்தார். நெத்திலியை, சோடாவை, டம்ளரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் கேட்டார்:

“யாராச்சும் வர்றாங்களாம்மா?”