பதினோரு ஏக்கர் வெள்ளை மண்

செமென் ஹ்ரிஷ்கோ நிலம் பார்க்கப் போனது ஏப்ரல் மாதம். பனி உருகிய தண்ணீர் குளம்குளமாக நின்றிருந்தது. வெட்டிச் சாய்க்க ஒரு மரம்கூட இல்லை. தாய்நாடான புக்கொவினாவிலிருந்து கப்பலேறி எட்மன்டன் பக்கம் வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? தண்ணீர் இருக்கிறது, மரம் வெட்டும் பாடு இல்லை என்று அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டான். அவனுக்கு முன்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த நூற்றறுபது ஏக்கரை ஏன் தொடாமல் போனார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். தண்ணீர் நின்றது, மண் அதைக் குடிக்காததால். மரம் இல்லாதது, வேர் இறங்க வழியில்லாததால். இது அவனுக்கு உறைக்க இரண்டு கோடை பிடித்தது. அதற்குள் பதினெட்டு வயது யுஸ்தினாவைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தாயிற்று.

அந்த மண்ணை யுஸ்தினா காலால்தான் முதலில் தெரிந்துகொண்டாள். மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. காய்ந்தால் கடப்பாரை எகிறும். மேலே ஒரு சாண் சாம்பல் நிற மண், அதற்குக் கீழே அடுப்பில் நெருக்கி வைத்த ரொட்டிகள் மாதிரி உருண்டைத் தலையோடு வரிசையாக நிற்கும் களிமண் தூண்கள். ஆணிவேர் அந்தத் தலைகளைத் தொட்டதும் மடங்கிப் பக்கவாட்டில் ஓடும். சில இடங்களில் காற்று மேல்மண்ணை முழுக்க வாரிக்கொண்டு போய், வழுக்கை விழுந்த பள்ளங்களாகக் கிடக்கும். அங்கே உப்புப்புல் தவிர ஒன்றும் முளைக்காது. போதாததற்கு வசந்தம்தோறும் கற்கள் வேறு தரைக்கு மேலே வந்து எட்டிப் பார்க்கும்.

1931 ஜூனில் பன்னிரண்டு மைல் வடக்கே இருந்த அவள் அம்மா இறந்துபோனாள். மூன்று நாள் மழை. வண்டி முற்றத்தைத் தாண்டவில்லை. சக்கரம் அச்சுவரை இறங்கி, குதிரைகள் முழங்கால் மடங்கி நின்றன. யுஸ்தினா இறங்கி நடந்தாள். அரை மைல் போனதும் இடுப்புவரை சேறோடு செமென்தான் அவளைத் தூக்கி வந்து போட்டான். அம்மாவைப் புதைத்த நேரத்தில் அவள் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து காலிலிருந்து மண்ணைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இந்த இடத்தை விட்டுப் போகாமல் சாகக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தாள். அந்த நினைப்பு பிறகு ஒரு நாளும் அவளை விட்டுப் போகவில்லை.

அதற்கு மூன்று வருஷம் முன்னால் அவர்கள் கிணறு தோண்டியிருந்தார்கள். நாற்பதடி இறங்கிய பிறகு வந்த தண்ணீர் கசந்தது. வீட்டுக்காரர்களுக்குப் பழகிவிட்டது, விருந்தாளிகள்தான் ஒரு குவளை குடித்துவிட்டு அவசரமாகக் கொல்லைப்புறம் தேடுவார்கள். தோண்டி எடுத்த மண்ணில் வெள்ளைப் புள்ளியும் மினுமினுக்கும் பொடியும் நிறைய இருந்தது. மாடு விழுந்து காலை ஒடித்துக்கொள்ளக் கூடாதென்று அதைப் பக்கத்து வழுக்கைப் பள்ளத்தில் கொட்டி மூடினார்கள். அடுத்த வருஷம் அந்த ஒரு பள்ளத்தில் மட்டும் பார்லி இடுப்பளவு வளர்ந்து நின்றது.

செமென் அதைப் பார்த்துவிட்டு, "ஏதோ தப்பிப் பொழைச்ச விதை" என்று போய்விட்டான். யுஸ்தினா குந்தி உட்கார்ந்து தோண்டிப் பார்த்தாள்.

அன்று ஆரம்பித்தது. ஓடைக்கரைச் சரிவில் அதே வெள்ளைப்புள்ளி மண் வெளியே தெரியும் இடம் ஒன்று உண்டு. உருளைக்கிழங்கு தோண்டி முடிப்பதற்கும் தரை உறைவதற்கும் நடுவில் கிடைக்கிற மூன்று வாரமும், கல் அள்ளும் சறுக்குப் பலகையில் குதிரையைப் பூட்டி அந்த மண்ணை இழுத்து வந்து பள்ளங்களில் கொட்டினாள். தொழுவச் சாணியையும் வைக்கோலையும் சேர்த்துக் கிளறினாள். இரண்டு பிள்ளைகளை வயிற்றில் சுமந்த வருஷங்களிலும் நிறுத்தவில்லை. அக்கம்பக்கத்தில் அவளுக்கு வெள்ளை மண்காரி என்று பேர் விழுந்தது. மாதாகோவில் வாசலில் ஒருத்தி, "சமைக்கிறதுக்கும் அதான் போடுறியா?" என்று கேட்டாள். "உன் புருஷன் வந்து ருசி பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றாள் யுஸ்தினா. இருபத்தெட்டு வருஷத்தில் பதினோரு ஏக்கர் ஆயிற்று. செமென் ஒரு சட்டி மண் எடுத்துக் கொடுத்ததில்லை.

அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அந்த மண்ணில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், ஏப்ரல் மாதத்தில் தான் செய்தது முட்டாள்தனம் என்று ஆகிவிடும். அதனால் முப்பது வருஷமாக விதையைத் திட்டினான், வானத்தைத் திட்டினான், வாரம் தவறாமல் யுஸ்தினாவையும் திட்டினான். விற்றுவிட்டுப் போகலாம் என்று அவள் எத்தனையோ தடவை சொன்னாள். வாங்க ஆள் வர வேண்டுமே! பிள்ளைகள் இரண்டு பேரும் எட்மன்டனுக்குப் போய் வேலை தேடிக்கொண்டார்கள். அவர்களை அவள் தடுக்கவில்லை. ஒவ்வொருத்தரையும் பஸ் ஏற்றிவிட்டு வந்து, ஏறாமல் திரும்பிய தன்னையே நொந்துகொண்டாள்.

1957 கோடையில் அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தது. ஊர்ப் பொது மேய்ச்சலுக்காக உதவாத நிலங்களைச் சேர்க்கிறார்கள். மண் பார்க்கிறவர் வருவார். பாதிக்கு மேல், அதாவது எண்பது ஏக்கருக்கு மேல் உழவுக்கு ஆகாதது என்று அவர் வரைபடத்தில் குறித்தால், நிலத்தை எடுத்துக்கொண்டு வடக்கே கருமண் நிலம் கொடுப்பார்கள். கொடுப்பதாகச் சொன்ன இடம் யுஸ்தினாவின் தங்கை வர்வாரா வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அங்கே தண்ணீர் இனிக்கும். அம்மாவின் கல்லறையும் அங்கேதான்.

செமென் சம்மதித்தான். "படிச்சவன் வந்து பாக்கட்டும். இது நல்ல நிலம்னு அவன் வாயாலயே சொல்லட்டும். அதுக்கப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"ஆகாத மண்ணுன்னு சொன்னான்னா?"

"சொன்னா நானே மூட்டை கட்டுறேன்டி."

வந்தவன் ஓரெஸ்ட் ஜூபக், முப்பது வயதுக்காரன், அவர்களைப் போலப் புக்கொவினாவிலிருந்து வந்த நம்ம சனம்தான். சட்டைப் பையில் பென்சில்கள், கையில் மண்வெட்டி, பெட்டியில் ஒரு சின்ன அமிலப் புட்டி. முதல் காரியமாகக் கிணற்றுத் தண்ணீரைக் கேட்டு வாங்கி இரண்டு குவளை குடித்தான்.

"தம்பி, போதும். எங்க தண்ணிக்கு இரக்கம் கிடையாது" என்றாள் யுஸ்தினா.

"மண்ணைப் பாக்கிறதுக்கு முன்னாடி தண்ணிய ருசி பாக்கணும் அத்தை. பாதி பதில் அதுலயே கிடைச்சுரும்."

மீதிப் பதில் கால் மணி நேரத்தில் கிடைத்தது. அவன் அசட்டுச் சிரிப்போடு கொல்லைப்புறம் எங்கே என்று கேட்டான்.

அன்று காலை முழுவதும் அவன் நேர்கோடு பிடித்து நடந்து, இருநூறு தப்படிக்கு ஒரு குழி வெட்டினான். யுஸ்தினா கூடவே போனாள். மோசமான இடங்களைக் காட்ட அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஒவ்வொரு குழியிலும் அதே ரொட்டித் தலைகள். அவன் ஒரு தூணைப் பெயர்த்துக் காட்டினான். "பாருங்க அத்தை, கல்லு மாதிரி. சோடியம் ஏறின களிமண்ணு. ஒரு காலத்துல இங்கெல்லாம் மலையளவு பனிக்கட்டி கிடந்துது. அதுதான் கல்லு, களி, உப்பு எல்லாத்தையும் அரைச்சுக் குழைச்சு இங்க கொட்டிட்டுப் போச்சு."

"பனிக்கட்டிக்கே இங்கருந்து போக வழி கிடைச்சுது பாரு" என்றாள் அவள்.

இந்த மண்ணுக்கு உலகம் முழுக்கச் சொலொனெட்ஸ் என்று நம்ம பக்கத்து வார்த்தையில்தான் பேர் என்றும், அதில் மூன்று நிலை உண்டு என்றும் அவன் சொன்னான். முதல் நிலை கெட்டிப்பட்டது. அடுத்தது மேலே வெளுத்து, கீழே இறுகியது. மூன்றாவது, தூண்கள் தானாக உடைந்து வேருக்கு வழிவிட்டது. "மூணாவது வந்துட்டா உழலாம். ஆனா அதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். நமக்கு ஏது அவ்வளவு ஆயுசு?"

மதியம் உருளைக்கிழங்கு அடைத்த பிரோகிக் கொழுக்கட்டையும் புளித்த பாலேடும் வைத்தாள். ஓரெஸ்ட் சாப்பிட்டுக்கொண்டே வரைபடத்தை விரித்து வண்ணம் தீட்டினான். ஆகாதது எண்பத்தெட்டு ஏக்கர். யுஸ்தினா பாலேட்டுக் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். போகப் போகிறோம். நிஜமாகவே போகப் போகிறோம்.

செமென் தட்டைத் தள்ளிவைத்தான். முகம் சுருங்கிப்போயிருந்தது. தோற்றவனுக்கு யாரையாவது கடிக்க வேண்டும் அல்லவா?

"கேட்டியாடி? எண்பத்தெட்டு. உன்னோட அந்தப் பதினொன்னும் அதுக்குள்ளதான். இருபத்தெட்டு வருஷமா மண்ணு சுமந்தியே, எருமைகூட அதுக்குள்ள புத்தி தெளிஞ்சிருக்கும்."

ஓரெஸ்ட் விஷயத்தைக் கேட்டுவிட்டு வருத்தமாகத் தலையாட்டினான். "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மண்ணைக் கையால மாத்த முடியாது. பாவம், வீண் பாடு."

எருமை என்றதை அவள் பொறுத்துக்கொண்டாள். முப்பது வருஷமாகக் கேட்டுப் பழகியது. பாவம் என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வர்வாரா வீட்டுப் பக்கம், இனிக்கிற தண்ணீர், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுந்து போய் அவனுடைய மண்வெட்டியை எடுத்தாள்.

"வா. ரெண்டு பேரும் வாங்க."

தன் பதினோரு ஏக்கரின் நடுவில் நின்று அவளே வெட்டினாள். மண்வெட்டி முக்காமல் முனகாமல் இறங்கியது. முழங்கை ஆழம், அதற்கும் கீழே. ஓரெஸ்ட் குழிக்குள் இறங்கி மண்டியிட்டான். ரொட்டித் தலைகள் இல்லை. மண் உதிரி உதிரியாகப் பிரிந்தது. நடுவே பார்லி வேர் நேராகக் கீழே போயிருந்தது. அமிலத்தைச் சொட்டினான், பொங்கி நுரைத்தது. பத்துத் தப்படி தள்ளி இன்னொரு குழி வெட்டினான். மூன்றாவது குழியை ஓடிப்போய் வெட்டினான்.

"கீழ இருக்கிற சுண்ணாம்பையும் ஜிப்சத்தையும் மேல கொண்டாந்திருக்கீங்க அத்தை. அதுதான் சோடியத்தை வெளியேத்தியிருக்கு. ஆயிரக்கணக்கான வருஷத்து வேலை. யார் சொல்லிக் கொடுத்தாங்க உங்களுக்கு?"

"பார்லி சொல்லுச்சு."

அவன் சிரித்தான். பிறகு கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எண்பத்தெட்டில் பதினொன்று போனால் எழுபத்தேழு, எண்பதுக்குக் குறைவு.

"அத்தை," என்றான் தாழ்ந்த குரலில். "என்னோட கோடு இந்தப் பக்கம் வரல. விதிப்படி இங்க நான் குழி வெட்ட வேண்டியதே இல்ல. இப்ப மண்ணைத் தள்ளி மூடிட்டா, நான் எதையும் பாக்கல."

யுஸ்தினா வடக்கே பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை, வெட்டவெளிதான். அம்மாவை நினைத்தாள். போக வேண்டும், இந்த நிமிஷமே போக வேண்டும். ஆனால் போகிறபோது, ஒன்றும் விளையாத மண்ணில் ஒன்றுமே செய்யாமல் கிடந்தவள் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவள் வாழ்ந்ததற்கு அந்தப் பதினோரு ஏக்கரைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

"எழுது" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எழுதுன்னு சொல்றேன்ல. உன் மூணாவது நிலைன்னே எழுது."

செமென் குழியோரத்தில் நின்றிருந்தான். ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் பிசைந்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தான்.

செப்டம்பர் கடைசியில் பதில் வந்தது. உழவுக்கு உகந்த நிலம் பாதிக்கு மேல் இருப்பதால் ஹ்ரிஷ்கோ குடும்பத்தின் நிலம் மாற்றுத் திட்டத்தில் சேராது. கூட வரைபடத்தின் நகல் ஒன்றும் இருந்தது. அழுக்கு மஞ்சள் பரப்பின் நடுவே உள்ளங்கை அளவில் ஒரு பச்சைத் திட்டு. அதில் எண் இருந்தது, பெயர் இல்லை. யுஸ்தினா அதை மேசைமேல் விரித்து வைத்து, ஓரம் சுருளாமல் இருக்க உப்பு ஜாடியை மேலே வைத்தாள்.

மறுநாள் காலை முற்றத்தில் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். உருளைக்கிழங்கு தோண்டி முடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. செமென் சறுக்குப் பலகையில் குதிரைகளைப் பூட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பலகையில் பூட்டத் தெரியவில்லை, அது எப்போதும் அவள் வேலை. பலகைமேல் இரண்டு மண்வெட்டிகள் கிடந்தன.

அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்: "வடக்கு ஓரத்துல அந்தப் பெரிய பள்ளம் இன்னும் அப்படியேதானே கெடக்கு? எங்கருந்து மண்ணு எடுக்கணும்னு சொல்லு."

இருபத்தெட்டு வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. இத்தனை வருஷத்தில் என்றைக்கு வந்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பாள். இன்றைக்கு வந்தபோது அவள் மனதில் கணக்குத்தான் ஓடியது. வடக்குப் பள்ளம் ஆறு ஏக்கர். அதை முடிக்கக் குறைந்தது பதினைந்து வருஷம் ஆகும்.

"வாரை மாத்திப் போட்டிருக்கே, தள்ளு" என்று அவன் கையிலிருந்து வாங்கி, சரியாகப் பூட்டினாள்.

பிறகு பலகையில் ஏறி உட்கார்ந்து, ஓடைக்கரைப் பக்கம் கையைக் காட்டினாள்.