திட்டிலிருந்து வந்த குரல்

ஒலியுல்லா கதை கட்டுகிற ஆள் இல்லை. பழனிக் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். கடை உண்டு, தொழுகை உண்டு என்று இருந்த மனிதர். 1958-ல் அவருக்கு நடந்தது இது. சாகும்வரை ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் இப்படியேதான் சொன்னார்.

கல்யாணமான புதுசு. மனைவி ரோஷன் பேகத்துக்குக் காட்டுமாடு பார்க்க ஆசை. கொடைக்கானலுக்கு மேற்கே, காட்டுக்குள் ஒரு ஏரி. அதன் நடுவே மரம் அடர்ந்த சின்னச் சின்னத் திட்டுகள். வேலப்பன் என்பவர் துடுப்புப் படகில் ஆட்களைக் கூட்டிப்போய், ஒவ்வொரு திட்டாக இறக்கி மிருகங்களைக் காட்டுவார். அன்றைக்கு இவர்கள் இருவர் மட்டும்தான்.

மதியம் தாண்டி நடுத்திட்டில் இறங்கினார்கள். எதிர்க்கரையில் காட்டுமாட்டுக் கூட்டம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ரோஷன் பேகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திடீரென்று மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கின. இவர்கள் நின்ற திட்டையே பார்த்தன. அப்புறம் ஒரே ஓட்டம்.

பின்னாலேயே மஞ்சுமூட்டம் இறங்கியது. பக்கத்தில் நிற்பவர்கூட நிழல்போலத்தான் தெரிந்தார்.

"பாய், வெரசா ஏறுங்க! அம்மாவையும் கூட்டிக்கங்க!" என்று கத்தினார் வேலப்பன்.

ஒலியுல்லா கையை நீட்டினார். ஒரு கை வந்து பற்றிக்கொண்டது. ஏறி உட்கார்ந்தார்கள். அவள் முக்காடு முகத்தை மூடியிருந்தது. குளிருக்கு இழுத்துவிட்டிருக்கிறாள் என்று நினைத்தார்.

படகு கொஞ்ச தூரம் போயிருக்கும்.

"அண்ணே... படகைத் திருப்புங்க... நாங்க இங்க இருக்கோம்..."

திட்டிலிருந்து வந்தது. ரோஷன் பேகத்தின் குரல்.

துடுப்பு நின்றது. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படகில் இருந்தவள் பக்கம் திரும்ப இருவருக்கும் தைரியம் இல்லை.

"திருப்புங்கண்ணே..." என்றார் ஒலியுல்லா. வேலப்பன் மறுபடி துடுப்பைப் போட்டார்.

"வலிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் பாய். நகர மாட்டேங்குது."

சளக்... சளக்...

குரல் அழுதது. இப்போது இடப்பக்கம். இப்போது முதுகுக்குப் பின்னால்.

கையை உருவப் பார்த்தார். அந்தப் பிடி இறுகியது. ஏரித் தண்ணீரைவிடக் குளிர்ந்த கை.

கலிமா சொல்ல வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

எவ்வளவு நேரமோ...

படகு தரை தட்டியது. மூட்டம் விலகியது. அதே திட்டு. கரையில் ரோஷன் பேகம் குந்தி உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

படகில் அவர் பக்கத்தில் யாரும் இல்லை. பலகை மட்டும் ஈரமாக...

அவளை அள்ளி ஏற்றினார். பழனி வந்து சேர்ந்தார்கள். அவளுக்கு ஜுரம் கண்டது. ஜுரம் விட்ட அன்றுதான் அவர் கேட்டார்.

"திட்டுல தனியா ரொம்பப் பயந்துட்டியா?"

அவள் அவரை உற்றுப் பார்த்தாள்.

"தனியாவா? நீங்கதானே என் கையைப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க... 'கத்தாதே, அந்தப் படகு திரும்பாது'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்களே..."